திரி ஏன் காந்துகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இருபது ஆண்டுகள் சிகரெட் பிடித்தவன் நான். சென்ற ஆண்டு வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாறிய பிறகு சிகரெட்டைத் தொடவில்லை. செலவைக் குறைக்கலாம் என்று, நாமே காயிலை (சூடேறும் கம்பிச்சுருளை) சுற்றி, அதற்குள் திரவத்தை உறிஞ்சும் திரி வைத்துக்கொள்ளும் வகையிலான டாங்க் (ஆவியாகும் திரவத்தை ஊற்றும் குப்பி) ஒன்றை வாங்கினேன். முதல் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது; மூன்றாம் நாள் மாலை தொண்டையைப் பிடிக்கும் காந்தல் சுவை வந்துவிடுகிறது. கடைக்காரர் ரேயானுக்கு மாறச் சொல்கிறார். நண்பர் ஜப்பானியப் பஞ்சுதான் சிறந்தது என்கிறார். வீட்டில் முகம் துடைக்கும் பஞ்சு உருண்டைகள் இருக்கும்போது தனியாக எதற்குப் பஞ்சு வாங்க வேண்டும் என்று என் மனைவி கேட்கிறார். எதை வைப்பது?
– வாசகர், ஈஸ்ட்ஹாம், லண்டன்

பதில்: பஞ்சை மாற்றுவதற்கு முன், உள்ளே இருக்கும் திரியை வெளியே எடுத்துப் பாருங்கள். அடுத்த முறை காந்தல் வந்த உடனே டாங்க்கைக் கழற்றி, திரியைச் சாமணத்தால் மெல்ல உருவி ஒரு வெள்ளைக் காகிதத்தின் மீது வையுங்கள். காயிலுக்குள் இருந்த நடுப்பகுதி மட்டும் தேநீர்க் கறை போலப் பழுப்பேறி, இரண்டு வால்களும் வெள்ளையாகவும் ஈரமாகவும் இருந்தால், திரவம் வால் வரை வந்தும் காயிலுக்குள் நுழைய வழியில்லாமல் நின்றிருக்கிறது. நடுவில் பஞ்சு அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்று பொருள். வால்களும் உலர்ந்திருந்தால், திரவம் வரும் வாய்க்காலிலேயே பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கிறது. திரி பெரிதாக நிறம் மாறாமல், காயில் கம்பியின் மேல் மட்டும் கருந்தார் போன்ற பொருக்கு படிந்திருந்தால், அது திரவத்தில் சேர்க்கப்பட்டிருக்கும் இனிப்பின் வேலை.

முதல் இரண்டு நாள் நன்றாக இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால், மூன்றாவது காரணத்தையே நான் முதலில் ஐயப்படுகிறேன். திரி தவறாக வைக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடும். கஸ்டர்டு, கேக், மிட்டாய் போன்ற சுவைகளில் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பைச் சேர்ப்பது வழக்கம். அது ஆவியாகாமல் கம்பியிலேயே தங்கி, சூடு பட்டுப் பட்டுக் கருகிவிடும். அப்படியானால் எந்த நாட்டுப் பஞ்சை வைத்தாலும் மூன்றாம் நாள் அதே காந்தல்தான் வரும். இனிப்புக் குறைந்த திரவத்துக்கு மாறுவதும், இரண்டு நாளுக்கு ஒரு முறை திரியை மாற்றுவதும்தான் வழி. ஒரு திரிக்கு ஆகும் பஞ்சின் விலை மிகச் சிறியது. அதை மிச்சப்படுத்த நினைத்துக் காந்தலை உள்ளே இழுக்காதீர்கள்.

காந்தலைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் எல்லோரும் கேட்டு வளர்ந்த சொல். இந்தக் கருவியோ பழுக்கக் காயும் கம்பிக்குள்ளேயே பஞ்சைச் செருகி வைக்கிறது. இரண்டுக்கும் நடுவே நின்று காப்பது திரவம் ஒன்றுதான். குத்துவிளக்கில் எண்ணெய் இருக்கும் வரை எண்ணெய்தான் எரிகிறது, எண்ணெய் வற்றிய பிறகே திரி கருகுகிறது. இங்கும் அதே கதைதான். திரவத்தில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸிலும், கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிப்பவை. திரி நனைந்திருக்கும் வரை கம்பியின் சூடெல்லாம் இவற்றை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுவதால், வெப்பம் ஓர் எல்லைக்குள் நிற்கும். நனைவு போய்விட்டால் அடுத்த நொடியே வெப்பம் தாறுமாறாக ஏறும், பஞ்சு கருகும், அதோடு கிளிசரின் சிதைந்து அக்ரோலின் என்ற நச்சுப்பொருளாக மாறும். வாணலியில் எண்ணெயை மறந்துவிட்டால் கண்ணையும் தொண்டையையும் அறுக்கும் நெடி எழுமே, அதில் இருப்பதும் அக்ரோலின்தான். எனவே காந்தல் வந்தால் அந்த இழுப்பைப் பாதியிலேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் இரண்டு இழுப்பில் சரியாகிவிடும் என்று தொடர வேண்டாம். இருபது ஆண்டுப் புகையை விட்டொழித்த நுரையீரலுக்கு இந்த அக்கறையாவது நாம் காட்ட வேண்டும்.

இனி உங்கள் மூன்று பஞ்சுகளுக்கு வருவோம். முகம் துடைக்கும் உருண்டைகளைப் பற்றி உங்கள் மனைவி கேட்டதில் தவறில்லை. அவை தூய பருத்தியாக இருந்தால் பயன்படும். ஆனால் அழகுப்பொருள் கடைகளில் பஞ்சு என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பாலியெஸ்டர் கலந்தவையும், முழுக்கவே பாலியெஸ்டரானவையும் உண்டு. பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகிவிடும். உருகிய பிளாஸ்டிக்கின் ஆவியை மூச்சில் இழுப்பது எவ்வளவு கேடு என்று விளக்க வேண்டியதில்லை. கோவையில் ஒரு நூற்பாலை ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் நாள்தோறும் செய்த சோதனையை நீங்கள் சமையலறைத் தொட்டியின் மேலேயே செய்யலாம். ஒரு சிறு இணுக்குப் பஞ்சை முறுக்கிச் சாமணத்தில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி சட்டெனப் பற்றி, காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து, விரலால் தொட்டால் பொடியாகும் சாம்பலை விட்டுச் செல்லும். பாலியெஸ்டரோ தீயைக் கண்டு சுருங்கி உருகிச் சொட்டும். ஆறிய பின் நுனியில் கடுகைப் போலக் கெட்டியான மணி ஒன்று நிற்கும். அந்த மணியைக் கண்டால் அந்தப் பொட்டலத்தை முகம் துடைப்பதற்கே விட்டுவிடுங்கள்.

ஜப்பானியப் பஞ்சு என்பது ஜப்பானில் விளைந்த பருத்தி அல்ல. அந்த நாடு தன் ஆலைகளுக்கு வேண்டிய பருத்தியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. பெயர் குறிப்பது அங்கே சுத்தம் செய்யப்பட்ட முறையைத்தான். அடுக்கடுக்காக உரிக்கக்கூடிய சதுர வில்லைகளாக, குளோரின் வெளுப்பு இல்லாமல் கிடைப்பதே அதன் சிறப்பு. முஜி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் வெளுக்காத பஞ்சு வில்லைகளைப் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். வில்லையின் மேலும் கீழும் அழுத்தித் தேய்க்கப்பட்ட மெல்லிய தோலை உரித்துவிட்டு, நடுவில் உள்ள பொதபொதப்பான பகுதியை மட்டும், நார்கள் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் கிழித்து எடுங்கள். குறுக்கே கிழித்தால் திரவம் நாரோடு நாராக ஓடாமல் தேங்கிவிடும்.

ரேயானைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதிலும் பொருள் இருக்கிறது. அது மரக்கூழிலிருந்து விஸ்கோஸ் முறையில் செய்யப்படும் செல்லுலோஸ். வேதியியல்படி பருத்திக்கு உடன்பிறப்பு. கெட்டியான திரவத்தை அது விரைவாக உறிஞ்சிக் கொடுக்கும் என்பது பலருடைய பட்டறிவு. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பருத்தி நனைந்தால் வலுக்கூடும். ரேயான் நனைந்தால் ஏறக்குறையப் பாதி வலுவை இழந்து துவண்டுவிடும். பருத்தி நார் உள்ளே குழலுடன், நாடாவை முறுக்கியது போல இருப்பதால் நனைந்த பிறகும் ஓரளவு விறைத்து நிற்கும். ரேயான் தணிந்து படிந்துவிடும். அதனால் பருத்தியை வைத்துப் பழகிய அதே அளவில் ரேயானை வைத்தால், நனைந்ததும் திரிக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விழுந்து, அந்த இடத்தில் காந்தும். ரேயானைச் செருகும்போது சற்று அதிகமாகவே இறுக்கிச் செருக வேண்டும். ரேயான் ஒத்துவரவில்லை என்று கைவிடுகிறவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

என் தேர்வைக் கேட்டால், டாங்க் வகைக்குப் பருத்தியையே சொல்வேன். ரேயானை, கிளிசரின் மிகுந்த திரவத்தை விரும்புகிறவர்கள், பருத்தியில் கை நன்றாகப் பழகிய பிறகு முயன்று பார்க்கலாம். கிளிசரின் புரோப்பிலீன் கிளைக்காலைவிட இருபது மடங்குக்கும் மேல் பிசுப்பானது. நூற்றுக்கு எழுபது பங்கு கிளிசரின் உள்ள திரவம் திரிக்குள் ஊர்ந்துதான் வரும். பாதிக்குப் பாதி கலந்த திரவத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. குளிர்காலத்தில் வெளியே நின்று வேப் செய்யும்போது காந்தல் மிகுவதும் இதனால்தான்: குளிரில் திரவம் மேலும் கெட்டியாகிவிடுகிறது.

அளவைச் சொல்லில் காட்டுவது கடினம், ஆனாலும் முயல்கிறேன். மூன்று மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள காயிலில் திரியைச் செருகி இப்படியும் அப்படியும் இழுங்கள். கம்பிச் சுற்றுகள் திரியோடு சேர்ந்து வளைந்து வந்தால் பஞ்சு மிகுதி. வெண்ணெயில் கத்தி போலத் தடையே இல்லாமல் ஓடினால் பஞ்சு போதாது. சுற்றுகள் அசையாமல் இருக்க, விரலுக்கு மட்டும் மெல்லிய பிடிப்பு தெரிய வேண்டும். பிறகு வால்களை வெட்டி, ஊசிமுனையால் கோதி நார்களைப் பிரித்து, முனைக்குப் போகப் போக மெலியச் செய்து, வாய்க்காலை மூடுமளவுக்கு, ஆனால் திணிக்காமல் படுக்க வையுங்கள். திணித்தால் வறட்சி, விட்டுவிட்டால் காற்றுத் துளை வழியே ஒழுக்கு. திரி முழுவதும் நனையும் வரை சொட்டுச் சொட்டாக ஊற்றி, டாங்க்கை நிரப்பிப் பத்து நிமிடம் சும்மா வைத்த பிறகே, குறைந்த வாட்டில் தொடங்க வேண்டும். பொறுமையில்லாமல் முதல் இழுப்பிலேயே கருக்கிய திரிக்குப் பழைய சுவை திரும்பாது. அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறு வையுங்கள்.

கேள்வி: என்னிடம் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, டாங்க்குக்கு மேலே காயில் அமைந்த ஜெனிசிஸ் வகை அட்டமைசர் (திரவத்தை ஆவியாக்கும் பாகம்) ஒன்று இருக்கிறது. அதனுடன் வெள்ளை ஸிலிக்கா கயிறும், சுருட்டி வைக்கும் ஸ்டீல் வலையும் கிடைத்தன. தீயில் கருகாத பொருள் பஞ்சைவிட நல்லதுதானே?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: கருகாது என்பது உண்மை, அதனால்தான் தொடக்க காலத்தில் எல்லோரும் ஸிலிக்காவை நம்பினார்கள். ஆனால் அது கண்ணாடி இனத்து நார். வெட்டும்போதே அதன் முனை பிரிந்து நுண்ணிழைகள் உதிர்வதை இருட்டறையில் டார்ச் ஒளியைக் காட்டினால் கண்ணாலேயே பார்க்கலாம். திரியை மாற்றாமல் மீண்டும் மீண்டும் காயிலோடு சேர்த்துச் சிவக்கக் காய்ச்சினால் நொறுங்கும் தன்மையும் கூடும். சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலைக் கெடுப்பது படிக வடிவ ஸிலிக்கா; இந்தக் கயிறு அந்த வடிவத்தைச் சேர்ந்ததல்ல என்பதும் உண்மையே. இருந்தும், உறிஞ்சுவதிலும் சுவையிலும் பஞ்சு அதை மிஞ்சியிருக்கும்போது, கண்ணாடி இழையை மூச்சுக்கு அருகில் வைப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கயிற்றை ஒதுக்கிவிடுங்கள்.

ஸ்டீல் வலை வேறு கதை. அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், சுருட்டிய வலையை அடுப்புத் தீயில் பலமுறை பழுக்கக் காய்ச்சி, மேலே ஆக்சைடுப் படலம் ஏற்றிய பிறகே கம்பியைச் சுற்ற வேண்டும். படலத்தில் ஓரிடம் உரிந்தாலும் அங்கே மின்சாரம் குறுக்கே பாய்ந்து ஒரு சுற்று மட்டும் பழுக்கும். மின்தடையும் எதிர்பாராமல் விழுந்து, பாதுகாப்புச் சுற்று இல்லாத கருவியில் பேட்டரிக்கு ஆபத்தாகும். உங்கள் அட்டமைசரில் வலை நுழையும் துளையிலேயே பஞ்சுத் திரியின் வாலை டாங்க்குக்குள் தொங்கவிட்டுப் பயன்படுத்த முடியும். திரவம் கீழிருந்து மேலே ஏற வேண்டியிருப்பதால் டாங்க்கைப் பாதிக்குக் கீழே வற்றவிடாதீர்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் அக்கா மகன், வேப்புக்கு வைக்க நம் ஆலையிலிருந்து இயற்கைப் பருத்தி கொஞ்சம் அனுப்பச் சொல்கிறான். பூச்சிமருந்தே படாத பருத்தி. வெந்நீரில் கொதிக்க வைத்துக்கொண்டால் போதும் என்கிறான். அனுப்பலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: அனுப்ப வேண்டாம். இயற்கை முறையில் விளைந்தது என்பதும், மூச்சில் இழுக்கத் தக்கது என்பதும் ஒன்றல்ல. ஆலைக்கு வரும் பருத்தியின் ஒவ்வொரு நாரின் மேலும் மெழுகுப் பூச்சு இருக்கிறது. செடி தன்னைக் காத்துக்கொள்ளப் பூசிக்கொண்டது அது. ஒரு தட்டுத் தண்ணீரில் உங்கள் ஆலைப் பருத்தியில் ஒரு சிட்டிகையையும் மருந்துக்கடைப் பஞ்சில் ஒரு சிட்டிகையையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். மருந்துக்கடைப் பஞ்சு பத்து நொடிக்குள் மூழ்க வேண்டும், தன் எடையைப் போல இருபது மடங்குக்கு மேல் தண்ணீரைத் தாங்க வேண்டும் என்பது மருந்தியல் தரநூல்களின் விதி. ஆலைப் பருத்தியோ வாத்துச் சிறகு போல மிதந்துகொண்டே இருக்கும். தண்ணீரை உள்ளே விடாத நார் திரவத்தையும் எளிதில் விடாது; கம்பி சூடாகும்போது அந்த மெழுகும் சேர்ந்து ஆவியாகும். சாயப்பட்டறைகளில் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து மெழுகை நீக்குவதை நீங்களே அறிவீர்கள். வெறும் வெந்நீர் தூசியை எடுக்குமே தவிர மெழுகை முழுவதுமாக எடுக்காது.

அதோடு, இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டுகளின் உற்பத்தி, ஏற்றுமதி, விற்பனை, இருப்பு அனைத்தையும் தடை செய்திருக்கிறது. உற்பத்திக்கும் ஏற்றுமதிக்குமான தடை பாகங்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. வேப்புக்கென்று சொல்லி அங்கிருந்து எதையும் பொட்டலம் கட்டாமல் இருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. அக்கா மகனிடம், லண்டனில் உள்ள மருந்துக்கடையிலேயே நூறு விழுக்காடு பருத்தி என்று அச்சிட்ட, மணமோ லோஷனோ சேர்க்காத பஞ்சை வாங்கி, மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையையும் தீக்குச்சிச் சோதனையையும் செய்துபார்த்துவிட்டுத் திரியாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.