வீட்டை விற்கிற பேச்சு கடைசியில் இருக்கட்டும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் நியூ ஜெர்சியில் 27 வருடமாக இருக்கிறோம். கணவருக்கு 65, எனக்கு 62. போன வருடம் அவர் ரிட்டயர் ஆனார். இப்போது வீட்டை விற்றுவிட்டு, உள்ளேயே குடியிருக்கிற வண்டியான ஒரு ஆர்.வி. வாங்கி, உங்களைப் போல ஊர் ஊராகப் போய் வாலண்டியர் வேலை செய்துகொண்டு அதிலேயே இருந்துவிடலாம் என்கிறார். ராத்திரி முழுக்க யூடியூபில் இதே வீடியோக்கள்தான். எனக்கும் ஊர் சுற்றப் பிடிக்கும், ஆனால் வீடு இல்லை என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. "அப்புறம் லீவுக்கு நாங்க எங்கே வர்றது?" என்று மகள் கேட்கிறாள். ஊரில் இருக்கும் என் அக்கா, கடைசிக் காலத்தில் போக்கிடம் இல்லாமல் அலையணுமா என்று போனிலேயே அழுகிறாள். தவறாக நினைக்காதீர்கள், இன்னொன்றும் கேட்கிறேன். வண்டி நிறுத்த இடம் மட்டும் கொடுத்துவிட்டு சம்பளம் இல்லாமல் வேலை வாங்குவது சுரண்டல்தானே? இருவரில் ஒருவர் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

தவறாக ஒன்றும் நினைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஹூஸ்டன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு இதே கேள்விகளை ஒன்றுவிடாமல் என் கணவரிடம் கேட்டவள் நான். நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெயரை எடுத்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் பேச்சை வீட்டிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். அங்கே தொடங்கினால் சண்டைதான் மிஞ்சும். என்ன வேலை செய்யப் போகிறோம், எங்கே, எத்தனை மாதம் என்று தொடங்குங்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். எங்கள் முதல் எட்டு மாதம் வெறும் ஊர் சுற்றல். யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ என்று பார்த்த பாறையும் பள்ளத்தாக்கும் எல்லாம் அழகுதான், குறையே சொல்ல மாட்டேன், ஆனால் ஏழாவது மாதத்தில் ஒரு காலை எழுந்தபோது அன்று என்ன கிழமை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. நாம் போகாவிட்டால் "ஏன் வரலை?" என்று கேட்க அந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. எனக்கு அது பயமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் டெக்சாஸ் கடற்கரையில் அரன்சாஸ் வனவிலங்குச் சரணாலயத்தில் மூன்று மாதத்துக்கு இடம் கிடைத்தது. வண்டி நிறுத்த ஒரு தளம், தண்ணீர், கரண்ட், கழிவுநீர்க் குழாய் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வாரத்துக்கு ஆளுக்கு 24 மணி நேர வேலை எங்கள் பொறுப்பு. அவருக்குப் பாதையில் விழுந்த மரத்தை அறுப்பது, பலகை அடிப்பது. எனக்கு வருகிறவர்களுக்குத் தகவல் சொல்கிற மேஜை. ஹூப்பிங் கிரேன் என்கிற வெள்ளைக் கொக்கினம் அங்கேதான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஐந்தடி உயரம், கனடாவின் வுட் பஃபலோ பூங்காவிலிருந்து ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறந்து வரும். 1941-ல் இங்கே வந்தவை 15 பறவைகள்தான். இன்று 500-க்கு மேல். இதையெல்லாம் நான் மனப்பாடம் செய்து ஒப்பித்துக்கொண்டிருந்த முதல் வாரத்தில் ஒரு பெரியவர் வந்தார், சஸ்காட்செவனில் விவசாயியாம். வலசையின்போது அந்தப் பறவைகள் அவர் வயலில் இறங்கி, அறுப்பில் சிந்திய தானியத்தைப் பொறுக்கித் தின்னுமாம். இங்கே எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டுப் போக அவ்வளவு தூரம் வந்திருக்கிறார், வெளியூரில் படிக்கிற பிள்ளையைப் பார்க்க வந்தவர் மாதிரி. அன்று சாயங்காலம் வண்டிக்குள் வந்து என் கணவரிடம் இதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை. ஊரை விட்டு வந்த பிறகு ஒருவருக்கொருவர் சொல்ல எங்களிடம் செய்தி இருந்த முதல் நாள் அது.

அதற்கடுத்த வருடம் கொஞ்சம் தெற்கே, பாட்ரே தீவு தேசியக் கடற்கரையில் ஆமை ரோந்து. கெம்ப்ஸ் ரிட்லி என்கிற ஆமை, நம் பங்குனி ஆமைக்கு ஒன்றுவிட்ட தங்கை. மெக்சிகோவில் ராஞ்சோ நுவேவோ கடற்கரையில் 1947-ல் ஒரே நாளில் பல்லாயிரம் ஆமைகள் கரையேறியதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், 1985-ல் வருடம் முழுக்க எண்ணியதே 702 கூடுகள்தான். ஒரு கரை அழிந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று 1978 முதல் 1988 வரை அங்கிருந்து முட்டைகளை பாட்ரே தீவுக்குக் கொண்டுவந்து பொரிக்க வைத்தார்கள். அப்படிப் பொரித்தவையும் வளர்ந்து அங்கே வந்து முட்டையிடுகின்றன. 60 மைலுக்கு மேல் நீளும் கரையைச் சம்பள ஆட்களை மட்டும் வைத்துப் பார்த்து மாளாது, ஏப்ரலிலிருந்து ஜூலை நடுவரை வாலண்டியர்களும் சேர்ந்து வண்டியில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த ஆமை பெரும்பாலும் பகலில் வரும், அதிலும் காற்று பலமாக அடிக்கிற நாளில். 40 கிலோதான் எடை, தடம் மணலில் லேசாக விழும், கொஞ்ச நேரத்தில் காற்று அழித்துவிடும். மூன்று வாரம் ஒன்றும் கண்ணில் படாமல், கண்ணெல்லாம் மணலோடு திரும்பினேன். நான்காவது வாரம் ஒரு நாள் பதினொரு மணிக்கு, அலை விளிம்பிலிருந்து மேலே போகிற ஒரு கோடு. ரேடியோவில் சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். பின் துடுப்பால் குழி பறித்து, முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடி, அப்புறம் உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து ஓட்டின் அடிப்பாகத்தால் மண்ணைத் தட்டியது. தொம், தொம் என்று சத்தம் எனக்குக் கேட்டது. களிமண் தரையைத் தட்டுப்பலகையால் கெட்டிப்படுத்துவார்களே, அந்தச் சத்தம். எல்லாம் முக்கால் மணி நேரம். திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது.

நான் திருவான்மியூரில் வளர்ந்தவள். பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாகக் கரையோரம் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். கல்யாணமாகி இங்கே வரும்வரை நான் ஒரு ராத்திரிகூட அவர்களோடு போனதில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சரி, சுரண்டல் விஷயம். உங்கள் சந்தேகம் நியாயமானது, அப்படிப்பட்ட இடங்களும் இருக்கத்தான் செய்கின்றன. எங்கள் இரண்டாம் வருடத்தில் வண்டிகள் வந்து தங்கிப்போகிற ஒரு தனியார் கேம்ப்கிரவுண்டில் வாரம் 20 மணி நேரம் என்று போனில் சொன்னார்கள். போன பிறகு கழிப்பறை, துணி துவைக்கிற அறை, ராத்திரி பத்து மணிக்கு வருகிற வண்டிக்கு இடம் காட்டுவது என்று ஆளுக்கு 35 மணியைத் தாண்டியது. எழுத்தில் ஒன்றும் இல்லை, அதனால் பேசவும் வழியில்லை. ஐந்தாவது வாரம் கிளம்பிவிட்டோம். லாபத்துக்கு நடத்துகிற இடத்துக்கு இலவச உழைப்பைக் கொடுக்காதீர்கள். அங்கே வேலை செய்தால் சம்பளம் கேளுங்கள். தேசியப் பூங்கா, சரணாலயம் எல்லாம் வேறு. பூங்காக்களின் வாலண்டியர் திட்டத்துக்கு 1970-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, என்ன வேலை, எத்தனை மணி என்று ஒப்பந்தம் கையெழுத்தாகும், வேலையில் அடிபட்டால் இழப்பீடும் உண்டு. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தருகிற ஹேபிடட் ஃபார் ஹியுமானிட்டியில் ஆர்.வி.க்காரர்களுக்கென்றே கேர்-எ-வேனர்ஸ் என்று ஒரு பிரிவு உண்டு, பெரும்பாலும் இரண்டு வாரம் ஓரிடத்தில் தங்கிக் கட்டுவார்கள், முன் அனுபவம் கேட்பதில்லை. உங்கள் கணவருக்குக் கைவேலை பிடிக்குமானால் அது நல்ல தொடக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து சிலர் கேட்டிருந்தார்கள், பிள்ளைகளைப் பார்க்க வருகிற ஆறு மாதத்தில் நாங்களும் இப்படிச் செய்யலாமா என்று. விசிட்டர் விசாவில் கூடாது. வேலைக்குப் பதிலாகத் தங்குமிடம் வாங்குவதே ஊதியமாக எடுத்துக்கொள்ளப்படலாம், அதற்கு வேறு விசா வேண்டும். தயவுசெய்து யார் பேச்சையும் கேட்டு இதில் இறங்காதீர்கள்.

வண்டிக்குள் வாழ்க்கை எப்படி? எங்களுடையது 34 அடி ஃபிஃப்த் வீல், பிக்கப் டிரக்கில் மாட்டி இழுக்கிறோம். அதை இழுக்கும்போது ஒரு காலன் டீசலுக்குப் பத்து மைல் கிடைத்தால் நல்ல நாள். 30 ஆம்ப் கரண்டில் ஏசியும் மைக்ரோவேவும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும், அதனால் யார் எதைப் போடுகிறோம் என்று கத்திச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும், ஜன்னலைத் திறந்து மேலே இருக்கிற ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் வாணலியையே எடுப்பேன். கழிவு டேங்க் காலி செய்யும்போது முதலில் கறுப்பு என்கிற கழிப்பறை டேங்க், அப்புறம் சோப்புத் தண்ணீர் டேங்க். அப்போதுதான் அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். இதெல்லாம் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். டயர் மட்டும் கவனம், பார்க்கப் புதிது போலவே இருக்கும், ஆனாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுங்கள், எங்களுக்கு நெடுஞ்சாலையில் ஒன்று வெடித்து அடித்தளத்தையே கிழித்துவிட்டது.

பழகாத ஒன்று, நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது. கோபித்துக்கொண்டு போய் உட்கார வேறு அறை கிடையாது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நான் காட்டிய கைஜாடை சரியில்லை என்று தொடங்கி மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். அதனால் சொல்கிறேன், ஒரே இடத்தில் வேலை எடுத்தாலும் ஒரே வேலையை எடுக்காதீர்கள். அவர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் போய்விட்டுச் சாயங்காலம் வாருங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு வற்றாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஒருவர் படுத்துவிட்டால் என்ற கேள்வியை யூடியூப்காரர்கள் அதிகம் தொடுவதில்லை, நீங்கள் கேட்டது நல்லது. டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் எஸ்கேபீஸ் என்கிற ஆர்.வி. சங்கம் இருக்கிறது, 1978-ல் தொடங்கியது. வயதாகியோ நோயாலோ இனி வண்டி ஓட்ட முடியாது என்றாகிவிட்டவர்களுக்கு அங்கே ஒரு மையம் வைத்திருக்கிறார்கள். அவரவர் தங்கள் வண்டியிலேயே இருக்கலாம், சாப்பாடு, துணி துவைப்பது, டாக்டரிடம் அழைத்துப் போவது எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருநாள் போய்ப் பார்த்தோம். கைத்தாங்கி பிடித்து நடக்கிற ஒரு அம்மா தன் வண்டிக் கதவுக்கு வெளியே தக்காளித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில் நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தது இது: யாராவது ஒருவருக்கு ஓட்டுவதில் தைரியம் குறைந்தால் அன்றோடு நிறுத்திவிடுவது, அதற்கான பணத்தைத் தனியே வைத்துத் தொடாமல் இருப்பது.

இன்சூரன்ஸ் விஷயம் உங்களுக்கு இதைவிட அவசரம். உங்கள் கணவருக்கு 65 ஆகிவிட்டது, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரைப் பழைய முறையில் எடுத்தால் நாடு முழுக்கச் செல்லும். அதையே தனியார் கம்பெனி வழியாகத் தருகிற அட்வாண்டேஜ் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு வட்டாரத்து டாக்டர்களோடு கட்டுப்பட்டவை. உங்களுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, அதுவரை நாமே வாங்கிக்கொள்கிற தனியார் காப்பீடான மார்க்கெட்பிளேஸ் திட்டம்தான் என்றால் அது நீங்கள் எந்த மாநிலத்து ஆள் என்பதைப் பொறுத்தது. வீடு இல்லாதவர்கள் முகவரிக்காக டெக்சாஸ், ஃபுளோரிடா, சவுத் டகோட்டா என்று பதிவு செய்துகொள்வார்கள், மாநில வருமான வரி இல்லை, கடிதங்களை வாங்கி அனுப்பிவைக்கிற ஆட்களும் உண்டு. ஆனால் உங்கள் இன்சூரன்ஸ் எங்கே நன்றாகக் கிடைக்கிறது என்று பார்த்த பிறகு முகவரியை மாற்றுங்கள்.

மகளுக்கு நான் பதில் சொல்ல முடியாது. என் மகனும் அதையேதான் கேட்டான். நாங்கள் வருடத்துக்கு இரண்டு முறை அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மூன்று வாரம் இருக்கிறோம், பேத்தி ராத்திரி தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிடுகிறாள். இருந்தாலும் அவன் படித்து வளர்ந்த அறை இல்லை என்பது இல்லைதான். வீட்டை விற்றபோது அவன் வந்து கதவு நிலையில் பென்சிலால் போட்டிருந்த உயரக் கோடுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். நான் அன்று அழுதேன்.

ஆகவே விற்காதீர்கள், இப்போதைக்கு. வீட்டை ஒரு வருடம் வாடகைக்கு விடுங்கள். புது வண்டி வேண்டாம், வாங்கிய மறுநாளே விலை இறங்கிவிடும். பழையது ஒன்று வாங்குங்கள் அல்லது முதல் மாதத்துக்கு வாடகைக்கு எடுங்கள். 62 ஆகிவிட்டதால் நீங்கள் இருவருமே 80 டாலருக்கு ஆயுள் முழுமைக்குமான சீனியர் பாஸ் வாங்கலாம், ஒரு காருக்கு ஒரு பாஸே போதும், தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது, பல இடங்களில் கேம்ப் கட்டணம் பாதி. குளிர்காலத்து இடங்களுக்குக் கோடையிலேயே ஆள் எடுத்துவிடுகிறார்கள், அதனால் இந்த மாதமே வாலண்டியர் டாட் கவ் தளத்தில் பார்த்து இரண்டு மூன்று சரணாலயங்களுக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தை உங்கள் பெயரிலும் போடுங்கள், அவர் பெயரில் மட்டும் போட்டுவிட்டுத் துணைக்குப் போகிறவராக இருக்காதீர்கள்.

நாங்கள் நவம்பரிலிருந்து மார்ச் வரை மறுபடி அரன்சாஸ் பக்கம் இருப்போம். கிளம்புவதற்கு முன் நான்கு நாள் வந்து தங்கிவிட்டுப் போங்கள், உங்கள் அக்காவையும் வீடியோவில் கூப்பிடலாம், கொக்கு வருகிற நேரம் காலை ஏழு மணி, ஊரில் அப்போது சாயங்காலம்தான்.

அன்புடன்,
அக்கா