“கணக்கு டீச்சர் நான்... கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க முடியுமா?”

கேள்வி: தனியார் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பல வருடங்களாகக் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். எம்.எஸ்சி., பி.எட். வருகிற ஜூனில் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் தொடங்குகிறார்கள். “நீங்களே எடுத்துவிடுங்கள்” என்று தாளாளர் சொல்லிவிட்டார். இருபது கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிவிட்டன. நானோ காலேஜில் ஒரு செமஸ்டர் ‘சி’ புரோகிராமிங் மொழி படித்ததோடு சரி. பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள். ஐந்து மாதத்தில் தயாராக முடியுமா? ஏதாவது சர்டிபிகேட் கோர்ஸில் சேரட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: முடியும். ஆனால் இரண்டு வருடப் பாடத்தையும் ஜூனுக்குள் கரைத்துக் குடிக்கப் பார்க்காதீர்கள். பிளஸ் ஒன் புத்தகம் மட்டும் இப்போதைக்குப் போதும்.

பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். வீடியோ எடிட் செய்கிற பையனிடம், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் புரோகிராம் வரிகளைக் (லூப்) காட்டி, “இந்த லூப் எத்தனை தடவை ஓடும், சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பான்.

2018-ல் மாற்றிய பாடத்திட்டப்படி பிளஸ் ஒன்னில் சி++ என்ற புரோகிராமிங் மொழி, பிளஸ் டூவில் பைதான் மொழியும் டேட்டாபேஸைக் கையாளும் எஸ்.க்யூ.எல்லும் வருகின்றன. பிளஸ் ஒன் புத்தகத்தின் முன்பகுதியைப் புரட்டினால் உங்களுக்கே தெம்பு வந்துவிடும். இரும எண்கள், இரண்டின் நிரப்பி, பூலியன் இயற்கணிதம், டி மார்கன் விதிகள் என எல்லாம் உங்கள் பேட்டை. ‘லூப் இன்வேரியன்ட்’ (லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் உண்மையாக இருக்கும் கூற்று) என்று ஒரு பகுதி இருக்கிறது. மற்றவர்கள் மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிற இடம் அது. நீங்கள் பக்கத்து வகுப்பில் நடத்துகிற கணிதத் தொகுத்தறிதலின் சாயல் அதில் அப்படியே இருக்கும். அதை உங்களைப்போல நடத்த ஆள் கிடைப்பது அரிது.

கணக்கு டீச்சர் சறுக்குகிற இடமும் ஒன்று உண்டு: சமக்குறி. x = x + 1 என்று போர்டில் எழுதியதும் உங்கள் மனசே ‘அப்படியானால் 0 = 1’ என்று அலறும். பிள்ளைகளுக்கும் பத்து வருடமாக அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இங்கே அது ‘வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கத்தில் போடு’ என்கிற கட்டளை. இதற்கு ஒரு முழு பீரியட் ஒதுக்குங்கள். அப்புறம் மார்க் சரியாக 35-ஆ என்று பார்க்கும் ‘இஃப்’ வரியில், ‘சமமா?’ என்று கேட்கும் == குறி போட வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளை ஒற்றைச் சமக்குறி போட்டுவிடும். சி++ அதைத் தடுக்காது, மிஞ்சிப்போனால் ஓர் எச்சரிக்கை காட்டும். மார்க்கில் 35-ஐப் போட்டுவிட்டு, அது பூஜ்யம் இல்லை என்பதால் நிபந்தனை சரி என்றே எடுத்துக்கொள்ளும். என்ன மார்க் கொடுத்தாலும் ஒரே விடைதான் வரும். இந்த மாதிரித் தப்புகளை நீங்களே வேண்டுமென்று போட்டுப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வகுப்பில் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது அந்த நோட்டுதான்.

முதல் சில வாரம் பிள்ளைகளைப் புதிதாக புரோகிராம் எழுதச் சொல்லாதீர்கள், படிக்கச் சொல்லுங்கள். நாலு வரி புரோகிராமை போர்டில் எழுதி, i-க்கு ஒரு கட்டம், s-க்கு ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பு என்ன ஆகிறது என்று கையால் நிரப்பச் சொல்லுங்கள். i சுற்று எண், s கூட்டுத்தொகை என்று வைத்து 1 முதல் 4 வரை கூட்டினால் s வரிசையாக 1, 3, 6, 10 ஆக வேண்டும். விடையை நோட்டில் எழுதிய பிறகுதான் லேபில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு வரியை மாற்றி, என்ன ஆகும் என்று மறுபடி கேளுங்கள். ரெக்கார்டு நோட்டில் இருக்கிற புரோகிராமை நெட்டுருப் போட்டு செய்முறைத் தேர்வுக்கு வருகிற பழக்கம் நம் பள்ளிகளில் ஊறிப்போன ஒன்று. அதை உடைக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

இருபது கம்ப்யூட்டரும் நாற்பது பிள்ளைகளும் என்றால் இரண்டு பேருக்கு ஒன்று. அது குறையே இல்லை. ஒருவர் டைப் செய்ய, மற்றவர் சொல்ல, கால் மணிக்கு ஒருதரம் இடம் மாற வேண்டும். மாறுகிறார்களா என்று கண்காணியுங்கள். விட்டால் கீபோர்டு ஒருவர் கையிலேயே தங்கிவிடும், பெரும்பாலும் பையன் கையில். எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மொழிக்கு மாற்றும் சி++ கம்பைலரை எல்லா மெஷினிலும் மே மாதமே ஏற்றிவிடுங்கள். நெட் இல்லாவிட்டாலும் அது ஓடும். யு.பி.எஸ். இல்லாவிட்டால், கரண்ட் போகும்போது சேமிக்காத வேலையும் போய்விடும். இதைத் தாளாளர் காதில் போட்டு வையுங்கள்.

கோர்ஸ்? சர்டிபிகேட்டுக்காகச் சேர வேண்டாம். ஐ.ஐ.டி. பம்பாயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ வீடியோ பாடத் தளத்தில் சி++ பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் தொடங்குங்கள். அடுத்த வருடம் பைதானுக்கு, ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடத் தளத்தில் சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பாடம் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான், கொஞ்சம் கனமும்கூட. ஆனால் கணக்குப் படித்தவர்களுக்குப் பிடிக்கும். பக்கத்து ஊரில் இந்தப் பாடம் எடுக்கும் டீச்சர் யாராவது இருந்தால், அவருடைய லேபில் ஒருநாள் பின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். எந்த வீடியோவிலும் வராத விஷயங்கள் தெரியும்.

உங்கள் பள்ளியின் ஏற்பாடுதான் எனக்கு உறுத்துகிறது. மெஷினை முதலில் வாங்கி, ஆசிரியரைக் கடைசியில் யோசிக்கிறார்கள். பணக்கார நாடுகளும் இதையேதான் செய்தன. இங்கிலாந்தில் 2014-ல் கம்ப்யூட்டிங் பாடத்தைக் கொண்டுவந்தார்கள். அதுவரை வேர்டும் எக்செல்லும் நடத்திவந்தவர்கள் திடீரென்று புரோகிராமிங் நடத்த வேண்டிவந்தது. அவர்களுக்கான தேசிய பயிற்சி மையம் 2018-ல்தான் வந்தது, அதற்கு 8.4 கோடி பவுண்டு ஒதுக்க வேண்டியிருந்தது.

உங்களுக்குப் பவுண்டு வேண்டாம், பீரியட் வேண்டும். இப்போது எடுக்கும் வகுப்புகளில் வாரத்துக்கு நான்கையாவது குறைக்கச் சொல்லுங்கள். லேப் சாவி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். புது குரூப்புக்குத் துறை அனுமதி வாங்கியாயிற்றா என்றும், அடுத்த ஆண்டு பிளஸ் டூ வரும்போது கம்ப்யூட்டர் சயின்ஸில் பட்டமும் பி.எட்.டும் உள்ள ஒருவரைப் போடுவார்களா என்றும் கேளுங்கள். வாயால் கேட்டால் “பார்க்கலாம் டீச்சர்” என்றுதான் பதில் வரும். அதனால் எழுதிக் கொடுங்கள், டைம் டேபிள் போடுவதற்கு முன்பே.