பி.இ. மெக்கானிக்கல் முடிச்சிட்டு ஐடி போறதா, ஷாப்லயே நிக்கிறதா, குரூப் 4 படிக்கிறதா? எவ்ளோ சம்பாதிச்சா செட்டில்னு சொல்லலாம்?

தம்பி கேள்வியில சொல்லியிருக்கிற நிலைமை இது: கோயம்புத்தூர்ல ஒரு மெஷின் ஷாப்ல 18 ஆயிரத்துக்கு வேலை ரெடியா இருக்கு, கூடப் படிச்ச பசங்க மூணரை லட்சம் பேக்கேஜ்னு சென்னைக்கு கிளம்பறாங்க, அப்பா குரூப் 4 எழுதுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். நான் கணபதி பக்கம் ஒரு யூனிட்ல மெஷின் செட்டிங்கும் (டூலை, அளவை சரிபண்ணி வைக்கிற வேலை) புரோகிராமும் பார்க்கிற ஆளு, அதனால ஷாப் பக்கம் கொஞ்சம் சாஞ்சுதான் பேசுவேன், அதை கழிச்சிட்டு படிங்க.

முதல்ல அந்த மூணரை லட்சம். வருஷத்துக்கு மூணரைன்னா மாசம் 29 ஆயிரம் சொச்சம்னு நீங்க வகுத்து வச்சிருப்பீங்க, ஆனா அதுக்குள்ளயே கம்பெனி போடுற பிஎஃப், கிராஜுட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அடக்கம், அப்பறம் உங்க பங்கு பிஎஃப் வேற பிடிப்பாங்க, கைக்கு வர்றது 24, 25 தான் இருக்கும். ஓஎம்ஆர் பக்கம் பிஜி, சாப்பாடு, ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி ஊருக்கு பஸ்ஸு, எல்லாம் போக என்ன மிஞ்சுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. வீட்ல இருந்து டிபன் கட்டிட்டு பைக்ல போற 18 ஆயிரம் கிட்டத்தட்ட அதே அளவுதான் மிச்சம் வைக்கும். உங்க வீடு கோயம்புத்தூர்லயே இருந்தாதான் இந்தக் கணக்கு, வெளியூர்ல இருந்து வந்து பீளமேட்டுல ரூம் எடுத்து தங்குறதா இருந்தா இது செல்லாது, அப்ப ஐடிதான் மேல்.

ஆனா முதல் வருஷ சம்பளத்தை வச்சு முடிவெடுக்கிறதே தப்புங்க. அந்த வேலையில பத்து வருஷமா இருக்கிற ஒருத்தரை பிடிச்சு அவரோட ஒரு நாள் எப்படி போகுதுன்னு பாருங்க, அந்த நாள் உங்களுக்கு வேணுமான்னு யோசிங்க. நம்ம ஷாப்பையே எடுத்துக்கங்க. மெஷின்ல மோட்டார் கவர் ஓடிட்டு இருக்கு, 6204 பேரிங் உட்கார்ற 47 மில்லி போர், அதாவது துளை, டிராயிங்ல எவ்வளவு விலகலாம்னு ஹெச்7 போட்டிருப்பாங்க, அப்படின்னா 25 மைக்ரான்தான் இடம், மைக்ரான்னா மில்லியில ஆயிரத்துல ஒரு பங்கு. ஆபரேட்டர் பீஸை மாட்டி மெஷின்ல சைக்கிள் ஸ்டார்ட் பட்டனை அமுக்கிட்டே இருப்பாரு. வெட்டுற முனையான இன்சர்ட் தேயத் தேய போர் சின்னதாகிட்டே வரும், வெர்னியர்ல அளந்தா ஒண்ணும் தெரியாது, செட்டிங் பார்க்கிற செட்டர் வந்து துளையை அளக்கிற போர் கேஜை உள்ள விட்டு ஆட்டிப் பார்த்து, முள்ளு எங்க திரும்புதுன்னு பார்த்துட்டு, மெஷின்ல டூல் அளவை திருத்துற ஆஃப்செட்ல பத்து மைக்ரான் ஏத்திட்டு போயிட்டே இருப்பாரு. இவ்வளவுதான் வேலை மாதிரி தெரியும், ஆனா அந்தப் பத்தா, அஞ்சா, இல்ல இன்சர்ட்டையே மாத்தணுமான்னு முடிவு பண்றதுக்குத்தான் அவருக்கு சம்பளம். ஒரே ஷிஃப்ட்ல ரெண்டு பேரும் நிக்கிறாங்க, செட்டர் சம்பளம் ஆபரேட்டரை விட எங்கயோ இருக்கும், புரோகிராம், பீஸைப் பிடிச்சு நிறுத்துற ஃபிக்ஸ்சர் டிசைன்னு போயிட்டா இன்னும் மேல. ஆபரேட்டராவே பத்து வருஷம் நின்னவங்களையும் பார்த்திருக்கேன், அவங்களுக்கு முட்டி வலியும் கொஞ்சம் இன்கிரிமெண்ட்டும்தான் மிச்சம். அதனால சேர்றதுக்கு முன்னாடியே நேரா கேளுங்க, "எத்தனை மாசத்துல என்னை செட்டிங்ல விடுவீங்க?" பதில் மழுப்பலா வந்தா வேற ஷாப் பாருங்க, சிட்கோவுல, கணபதியில, அரசூர் ரோட்டுல ஷாப்புக்கா பஞ்சம்.

நேரத்தையும் கணக்குல சேருங்க. சின்ன யூனிட் நிறைய இடத்துல காலைல எட்டுல இருந்து நைட்டு எட்டுதான். சட்டப்படி ஓவர்டைமுக்கு ரெட்டை சம்பளம், பல இடத்துல சிங்கிள்தான் தர்றாங்க, யாரும் கேக்கறதும் இல்ல. 18 ஆயிரத்தை 26 நாள், 12 மணி நேரம்னு வகுத்தா மணிக்கு 58 ரூபாய்கூட வரலை பார்த்துக்கங்க.

குரூப் 4 பத்தி. அப்பா சொல்றதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஜூனியர் அசிஸ்டென்ட்டுக்கு பேசிக் 19,500-ல ஆரம்பிக்குது, அதுக்கு மேல டிஏ, வீட்டு வாடகைப்படி, அஞ்சே முக்காலுக்கு வீட்டுக்கு கிளம்பலாம். ஆனா 2024-ல முதல்ல அறிவிச்சது 6,244 இடம், அப்ளை பண்ணவங்க 20 லட்சத்துக்கு மேல. 300 மார்க்ல பாதி தமிழ், அந்த 150-ல 60 எடுக்கலைன்னா மீதியை திருத்தவே மாட்டாங்க, இன்ஜினியரிங் பசங்க நிறைய பேர் இதை லேசா நினைச்சு போறாங்க. வேலைக்குப் போயிட்டே காலைல ரெண்டு மணி நேரம் படிக்க முடியும்னா படிங்க, எத்தனை அட்டெம்ப்ட்னு அப்பாகிட்ட இப்பவே பேசி முடிச்சிருங்க. வேலையை விட்டுட்டு வருஷக்கணக்கா லைப்ரரியில உக்காந்திருக்கிறது வீட்ல கொஞ்சம் வசதி இருக்கிறவங்களுக்குத்தான் சரிப்படும்.

செட்டில்னா எவ்ளோன்னு கேட்டீங்க. என் அளவுகோல் வேற. இன்னைக்கு வேலையை விட்டா யார்கிட்டயும் கை நீட்டாம எத்தனை மாசம் குடும்பம் ஓடும்? அதுதான் என் நம்பர். லட்ச ரூபாய் சம்பளத்துல வீட்டு லோன், கார், ஃபோன் எல்லாத்துக்கும் இஎம்ஐ கட்டிட்டு ஒரு மாசம்கூட தாங்காதவங்க இருக்காங்க, 35 ஆயிரம் வாங்கிட்டு ஒரு வருஷம் தாங்குற எங்க ஷாப் செட்டர் ஒருத்தர் இருக்கார், அம்மாவுக்கு கண் ஆபரேஷன்னா "மூணு நாள் லீவுங்க"ன்னு சொல்லிட்டு போயிட்டே இருப்பாரு, கெஞ்சுறது கிடையாது, முதலாளியும் வாயைத் திறக்க மாட்டார். முதல்ல ஆறு மாசத்துக்கு தாங்குற மாதிரி சேருங்க, அதுக்கு அப்பறம் பைக்.

ஷாப்னு முடிவு பண்ணா ஒண்ணு ரெண்டு விஷயம். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை வாங்கி வச்சுக்கறோம்னு சொன்னா வெளிய வந்துருங்க. சம்பளம் 21 ஆயிரத்துக்குள்ள இருந்தா இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, கார்டுல அப்பா அம்மாவையும் சேர்க்க முடியுமான்னு கேட்டு சேர்த்துருங்க, சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. சேர்ந்து ரெண்டாவது மாசம் உமங் ஆப்ல பிஎஃப் பாஸ்புக்கை திறந்து பாருங்க. ஸ்லிப்ல பிடிச்சது அங்க ஏறலைன்னா மூணாவது மாசம் வரைக்கும் காத்திருக்காம ஆபீஸ்ல போய் கேளுங்க.