மூணாறில் ரயில் ஓடியதா?

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா இருந்தவரை மூணாறில் ரயில் ஓடியது என்று சொல்லிக்கொண்டே இருப்பார், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாரும் நம்பியதில்லை. இப்போது என் மகனும் கேட்கிறான். நிஜமா? ஓடியது என்றால் தண்டவாளம் எங்கே போனது?
(ஒரு வாசகர், மாட்டுப்பட்டி)

பதில்: நிஜம்தான், மகனிடம் தைரியமாகச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலேயே ஒரு ஸ்டேஷன் இருந்தது. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலார், கடைசியில் டாப் ஸ்டேஷன், இதுதான் அந்தப் பாதை. பெயர் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே.

1902-ல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். ஈவிங் முறை என்பார்கள். வண்டியின் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தண்டவாளத்தில் உருளும், பாரம் முக்கால்வாசிக்கு மேல் அதன்மேல்தான். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் வெறும் தரையில் ஓடிவரும். இழுத்தது என்ஜின் இல்லை, மாடுகள்! பனி மூடின பாதையில் தேயிலைப் பெட்டி ஏற்றின வண்டியை மாடு இழுத்துப் போகிறது, ஒரு சக்கரம் மண்ணில் கரகரவென்று உருள்கிறது, நினைத்துப் பாருங்கள். 1908-ல் அதை எடுத்துவிட்டு 2 அடி அகல இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள். சின்ன நீராவி என்ஜின்கள் வந்தது அப்போதுதான். ஊட்டி ரயிலின் பாதையே ஒரு மீட்டர் அகலம் என்றால் இது எவ்வளவு குறுகல் என்று தெரியும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, இந்த ரயில் எந்தப் பக்கம் பார்த்துப் போனது என்பதுதான். கொச்சி பக்கம் இல்லை, போடி பக்கம். டாப் ஸ்டேஷனில் இறக்கின பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்குப் போகும், அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். மேலே இருந்தது டாப் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன். ரயிலும் போய், ரோப்வேயும் போய், ஊர்ப்பெயர் மட்டும் தங்கிவிட்டது. நம் தோட்டத் தொழிலாளர்கள், வேலைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி பின்னால் மலை ஏறி வந்ததும் அதே போடிப் பக்கச் சரிவில்தான், அதனால் எனக்கு இது வெறும் கம்பெனி ரயிலாகத் தெரியவில்லை.

சரி, தண்டவாளம் எங்கே போனது? 1924 ஜூலை மழை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்கள். மாட்டுப்பட்டியில் மண்ணும் மரமும் சரிந்து ஆற்றை அணைபோல மறித்து, தண்ணீர் தேங்கித் தேங்கி ஒரேயடியாக உடைத்துக்கொண்டு மூணாறுக்குள் இறங்கியது. பாதை, பாலம் எல்லாம் போயிற்று. பிறகு ரோடும் ரோப்வேயும் சரிசெய்தார்கள், ரயிலை மட்டும் திரும்பப் போடவே இல்லை. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928-ல், அதாவது மேலே இருந்த ரயில் போய் நாலு வருஷம் கழித்து. இரண்டும் ஒரே காலத்தில் ஓடவில்லையே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

மகனைக் கூட்டிக்கொண்டு மூணாறு டவுனுக்குப் போங்கள். தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாக இருக்கிற பழைய கட்டடம்தான் அன்றைய ரயில்வே ஸ்டேஷன். வெளியே நின்று காட்டுங்கள், தாத்தா சொன்னதை நம்புவான்.

கேள்வி: டாப் ஸ்டேஷன் கேரளாவா, தமிழ்நாடா?
(ஒரு வாசகி, தேவிகுளம்)

பதில்: தமிழ்நாடுதான் அம்மா, தேனி மாவட்டம். ஆனால் வண்டியில் போகவேண்டும் என்றால் மூணாறு வழியாக சுமார் 32 கி.மீ. போயே ஆகவேண்டும், தேனிப் பக்கமிருந்து ரோடு கிடையாது. குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக நடைபாதை உண்டு. 2018 மார்ச்சில் அங்கே காட்டுத்தீயில் அத்தனை உயிர் போனதை மறந்திருக்க மாட்டீர்கள், அதனால் வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பாதையில் தயவுசெய்து இறங்காதீர்கள்.