காரைக்குடி பழம்பொருள் கடைகளில் வீட்டு அலங்காரத்துக்கு எதை, எப்படிப் பார்த்து வாங்குவது?

நேராக முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண், ஜன்னல், கதவு, பீங்கான் ஜாடி என்று கடைக்குள் குவிந்திருக்கும். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் விலையை மட்டும் கேளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவை எனாமல் தூக்குகளும் தட்டுகளும்தான். கவிழ்த்துப் பார்த்தால் ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முத்திரைகள் சிலவற்றில் தெரியும். கடல் கடந்து வியாபாரம் செய்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளுக்கு இவை கப்பலில் வந்தவை. பழைய எனாமலில் ஈயம், காட்மியம் இருக்கலாம். அதனால் சமையலுக்கு வேண்டாம், செடி வைக்கலாம், சுவரில் மாட்டலாம். உடைந்த ஜன்னல் சட்டத்துக்குள் கண்ணாடி பொருத்தினால் கூடமே மாறிவிடும். மர அஞ்சறைப்பெட்டியில் நகை, நூல்கண்டு போட்டு வைக்கலாம்.

சரி, ஏமாறாமல் இருக்க? ஒரு காந்தம் கொண்டு போங்கள். பித்தளை என்று சொல்வதில் அது ஒட்டினால் உள்ளே இரும்பு. கூட்டல் குறித் தலை உள்ள திருகாணி 1930களில்தான் வந்தது. 'நூறு வருஷப் பெட்டி'யில் அது இருந்தால் பின்னாளில் பழுது பார்த்திருக்கிறார்கள், அல்லது பெட்டியே புதிது. துளையிலிருந்து புதிய மரத்தூள் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள், பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது.

அப்புறம், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் கவனம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. கோயில் சிலை என்று யாராவது காட்டினால் தொடவே தொடாதீர்கள்.