அமெரிக்காவில் ஏழைகளுக்கான வாடகை வீடுகளைக் கட்டுவோருக்குத் தரப்படும் வரிச் சலுகையை மாநிலங்கள் எப்படி நிர்வகிக்கின்றன?

மத்திய அரசின் வரிச் சலுகையில் மாநிலங்களுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். டெக்சாஸில் இத்திட்டத்தில் கட்டப்பட்ட ஓர் அடுக்ககத்தில் குடியிருப்போர் கோப்புகளைச் சில ஆண்டுகள் சரிபார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

1986ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் பிறந்த இத்திட்டத்தில், ஒவ்வொரு மாநிலத்துக்கும் மக்கள்தொகைப்படி ஆண்டுதோறும் ஓர் ஒதுக்கீடு உண்டு. 2025இல் அது தலைக்கு 3 டாலர், சிறிய மாநிலங்களுக்கு மட்டும் தனியாக ஒரு குறைந்தபட்சத் தொகை. ஆனால் மாநிலத்தின் கைக்குப் பணமாக எதுவும் வருவதில்லை. கட்ட வேண்டிய வரியிலேயே பத்து ஆண்டுகளுக்குக் கழித்துக்கொள்ளும் உரிமைதான் பங்கிடப்படுகிறது. கட்டுமான நிறுவனம் அந்த உரிமையைக் காட்டிப் பெரும்பாலும் வங்கிகளிடம் முதலீடு திரட்டுகிறது.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் மாநிலத்தின் உண்மையான அதிகாரம் இருக்கிறது. மாநில வீட்டுவசதி முகமை ஒரு ஒதுக்கீட்டுத் திட்டத்தை வெளியிட்டு, பள்ளியின் தரம், இடத்தின் வறுமை நிலை போன்றவற்றுக்கு மதிப்பெண் வைக்கிறது. டெக்சாஸில் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் தரும் ஆதரவுக் கடிதத்துக்கும் மதிப்பெண் உண்டு. வசதியானவர்கள் வாழும் பகுதிக்கு ஏழைகளின் குடியிருப்பு வராமல் தடுக்க இதைவிட எளிய வழி வேண்டியதில்லை என்பது என் கருத்து. டாலஸில் இவ்வீடுகள் கறுப்பின மக்களின் பகுதிகளிலேயே குவிக்கப்படுவதாகத் தொடுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாகுபாடு காட்டும் உள்நோக்கத்தை நிரூபிக்காமலே, விளைவைக் காட்டி வழக்குத் தொடுக்கலாம் என்று 2015இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது; ஆனால் அடுத்த ஆண்டே கீழ் நீதிமன்றத்தில் வழக்கு தள்ளுபடியானது.

கட்டி முடித்த பின் கண்காணிப்பதும் மாநிலத்தின் பொறுப்பே. முதல் 15 ஆண்டுகளில் விதிமீறலைக் கண்டால் மத்திய வரித்துறைக்கு அறிவிக்க வேண்டும். கொடுத்த சலுகையைத் திரும்பப் பெறுவது வரித்துறையின் வேலை. அதன் பிறகும் குறைந்தது 15 ஆண்டுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு தொடரும். அப்போது மாநிலம் உரிமையாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்றே பிடிமானம்.

நான் பார்த்த கோப்பு ஒன்றில், ஓய்வூதியத்தைத் தவிர வேறு வருமானம் இல்லை என்று ஒரு பாட்டி எழுதியிருந்தார். வங்கிக் கணக்கிலோ மகள் மாதந்தோறும் 150 டாலர் போட்டிருந்தாள். தொடர்ந்து வரும் அன்பளிப்பும் இங்கே வருமானக் கணக்கில் சேரும். சேர்த்த பிறகும் அவர் இங்கே குடியிருப்பதற்கான வருமான வரம்புக்குள்ளேயே இருந்தார். திருத்திய படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்த மறு வாரம் மாநில ஆய்வாளர் வந்தார்.