ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸா? எடை குறைக்கும் சத்திரசிகிச்சை: கேள்வி பதில்

கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பரந்தன், 38 வயதுப் பெண்: டொக்டர், என்ர உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 95 கிலோ. பிரஷருக்கு மட்டும் குளிசை போடுறன். சிலபேர் ஸ்லீவ் எண்டுகினம், சிலபேர் பைபாஸ் எண்டுகினம். எனக்கு எது சரி?

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு: கிலோவை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் வகுப்பது) 39.5 வருகிறது. 2022இல் திருத்திய சர்வதேச வழிகாட்டலின்படி 35க்கு மேல் என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் சத்திரசிகிச்சை செய்யலாம். ஆசியருக்கு அந்த எல்லையை 27.5 வரை இறக்கியிருக்கிறார்கள். என்றாலும் 30க்குக் கீழே இருப்பவருக்கு, சலரோகம் கட்டுக்குள் வராத நிலையில் தவிர, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்லீவில், 12, 13 மில்லிமீற்றர் தடிப்பான குழாயை வாய்வழியாக இறக்கி, அதை அணைத்தபடியே ஸ்டேப்பிளரால் இரைப்பையை நீளவாட்டில் வெட்டுவார்கள். முக்கால்வாசி இரைப்பை வெளியே வந்துவிடும். மிஞ்சும் ஒடுங்கிய குழாய்க்குள் 100 முதல் 150 மில்லிலீற்றர் வரைதான் கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் அந்த வெட்டின பகுதியில்தான் சுரக்கிறது, அதனால் பசியும் அடங்கும். குடலில் கை வைப்பதில்லை. ஆனால் வெட்டினதைத் திரும்ப ஒட்ட ஏலாது.

பைபாஸில், இரைப்பையின் மேல்நுனியில் இரண்டு மேசைக்கரண்டி கொள்ளும் சிறு பையைப் பிரித்து, சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து அதில் தைப்பார்கள். மிச்ச இரைப்பை உள்ளேயே கிடக்கும், சாப்பாடு அதற்குள் போகாது. பித்தநீரும் கணையநீரும் 100 முதல் 150 சென்ரிமீற்றர் கீழே போய்த்தான் சாப்பாட்டோடு சேரும்.

ஸ்லீவில் உடல் எடையில் கால்வாசி போகும், பைபாஸில் 30 வீதமளவு. உங்கள் கணக்கில் 24 கிலோ, 28 கிலோ. அந்த நாலு கிலோவை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள். நெஞ்செரிவு இருக்கிறதா, சலரோகம் இருக்கிறதா, சாகும்வரை விற்றமின் குளிசை ஒழுங்காகப் போடுவீர்களா, ஏதும் பிழைத்தால் அந்த ஒப்பரேஷன் தெரிந்த சத்திரசிகிச்சை நிபுணர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பவைதான் கேள்வி. நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஸ்லீவ். முதலில் எண்டொஸ்கோப்பி செய்து உள்ளே புண், ஹையேற்றஸ் ஹேர்னியா (இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறியிருப்பது) இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும்.

வவுனியா, 45 வயது ஆண்: எனக்குப் புளிச்சேப்பம், நெஞ்செரிவு. ஒமிப்பிரசோல் இல்லாமல் நித்திரை இல்லை. ஸ்லீவ் செய்தால் எடை குறைய இதுவும் குறையும் எண்டு சொல்லுகினம். உண்மையோ?

உங்களுக்கு ஸ்லீவ் வேண்டாம். வயிறு ஒடுங்கிய குழாயானதும் உள்ளே அழுத்தம் கூடும். அமிலம் மேலே ஏறாமல் மறிக்கும் வளைவும் வெட்டோடு தளர்ந்துவிடும். 2018இல் வெளியான சுவிற்சர்லாந்து ஆய்வில், ஐந்து வருடத்துக்குப் பிறகு நெஞ்செரிவு மோசமானது ஸ்லீவ் செய்தவர்களில் 31.8 வீதம், பைபாஸ் செய்தவர்களில் 6.3 வீதம். ஸ்லீவ் செய்துவிட்டு நெஞ்செரிவு தாங்காமல் பைபாஸுக்கு மாற்ற இரண்டாம் முறை மேசையில் ஏறுபவர்கள் உண்டு. இரண்டாம் முறையில் ஆபத்து கூட. உங்களுக்குப் பைபாஸ். எச். பைலோரி கிருமி இருந்தால் அதை மருந்தால் தீர்த்துவிட்டுத்தான்.

புதுக்குடியிருப்பு, 52 வயதுப் பெண்: சலரோகம் 14 வருசம், இன்சுலின் ரெண்டு நேரம். ஒப்பரேஷன் செய்தால் சலரோகம் சுகமாகும் எண்டு கேள்விப்பட்டன்.

சுகமாகும் என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். கட்டுப்படும். அமெரிக்காவில் நடந்து 2017இல் வெளியான ஐந்து வருட ஆய்வில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6 வீதத்துக்கு இறங்கியவர்கள் பைபாஸில் 29 வீதம், ஸ்லீவில் 23 வீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 வீதம். வருத்தம் வந்து கன வருடமானவருக்கும் இன்சுலினில் இருப்பவருக்கும் பலன் குறைவு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்கள் களைத்துவிடுவதால். சி-பெப்ரைட் என்ற இரத்தப் பரிசோதனையில் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்று தெரியும். அது நன்றாக இருந்து நெஞ்செரிவும் இருந்தால் யோசிக்காமல் பைபாஸ்.

ஒப்பரேஷன் முடிந்த கிழமையிலேயே சீனி மளமளவென்று இறங்கும். பழைய அளவிலேயே இன்சுலினைக் குத்தினால் மயங்கி விழுவீர்கள். கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளை நிறுத்துவார்கள், மெற்போமின் பெரும்பாலும் தொடரும். எம்பாகிளிஃப்ளோசின் என்ற சலரோகக் குளிசை போடுபவர் ஒப்பரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சீனி சரியாகக் காட்டும்போதே இரத்தத்தில் கீற்றோன் அமிலம் ஏறும். மெல்லக் கரையும் வகைக் குளிசைகள் பைபாஸுக்குப் பிறகு சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், சாதாரண வகைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

முள்ளியவளை: மினி பைபாஸ் கெதியா முடியும், காசும் குறைவு எண்டு ஒராள் சொன்னார்.

பைபாஸில் குடலை இணைக்கும் இரண்டு தையலுக்குப் பதில் இதில் ஒன்று, அதனால் நேரம் குறைவு. எடையும் சலரோகமும் நன்றாகவே இறங்கும். ஆனால் 150 முதல் 200 சென்ரிமீற்றர் குடல் வழியில் இல்லாமல் போகும். அதற்கு மேலே போனால் புரதமும் இரும்புச்சத்தும் வற்றிக் கால் வீங்கி வருவார்கள். பித்தநீர் வயிற்றுப் பைக்குள் ஏறுவது இதற்கே உரிய தொல்லை. மூன்று மாதத்துக்கொரு தடவை இரத்தம் சோதிக்க வருவேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவருக்கு இது வேண்டாம்.

மாங்குளம்: பான்ட் போடுறது எப்பிடி?

விட்டுவிடுங்கள். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி இறுக்கும் அந்தப் பட்டி வழுகும், இரைப்பைக்குள் அரித்து இறங்கும், தண்ணீர் ஏற்றி இறக்க ஓயாமல் கிளினிக் போகவேண்டும். உலகம் முழுக்கக் கைவிட்டு வருகிறார்கள்.

கிளிநொச்சி, 29 வயதுப் பெண்: எட்டு மாதத்தில கலியாணம். பலூன் வைச்சால் போதுமோ?

இரைப்பைக்குள் வைக்கும் பலூன் ஆறு மாதத்தில் வெளியே வரவேண்டிய சாமான். 400 முதல் 700 மில்லிலீற்றர் சேலைனில் நீலச் சாயம் கலந்து நிரப்புவார்கள். சலம் பச்சையாகவோ நீலமாகவோ போனால் பலூன் ஒழுகுகிறது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். எடுத்த பிறகு எடை ஏறும். கலியாண அல்பத்துக்கு மட்டும் என்றால் உங்கள் விருப்பம், தங்கச்சி. ஸ்லீவோ பைபாஸோ என்றால் அதன் பிறகு 12 முதல் 18 மாதம் பிள்ளை தங்கக் கூடாது. பைபாஸுக்குப் பின் கர்ப்பத்தடைக் குளிசையை நம்ப முடியாது, லூப் அல்லது ஊசி. பிள்ளை தங்கிய பிறகு கிளினிக்கில் சலரோகம் பார்க்கக் குளுக்கோஸ் கரைத்துத் தந்தால் பைபாஸ் செய்தது என்று சொல்லுங்கள். அது குடித்தால் வியர்த்து, படபடத்து, வயிறு முறுக்கும். விரல்நுனி இரத்தத்தில் ஒரு கிழமை பார்ப்பது போதும்.

விசுவமடு, 49 வயது ஆண்: 2009இல ஷெல் பட்டு வயித்தைத் திறந்து குடல் வெட்டினது. ஆஸ்பத்திரித் துண்டு ஒண்டும் இல்லை. ஷெல் பீஸ் ஒண்டு இப்பவும் உள்ளுக்க கிடக்கு. எனக்குச் செய்யலாமோ?

செய்யலாம், ஆனால் எது என்பதை உங்கள் பழைய தழும்புதான் தீர்மானிக்கும். ஒருதரம் திறந்த வயிற்றில் குடல்கள் ஒன்றோடொன்றும் வயிற்றுச் சுவரோடும் ஒட்டியிருக்கும். பைபாஸுக்கு இரண்டு மீற்றரளவு சிறுகுடல் தடையில்லாமல் அசைய வேண்டும். ஒட்டை விடுவிக்கும்போது குடல் கிழிந்தால் அதுவே பெரிய சிக்கல். எவ்வளவு குடல் வெட்டினார்கள் என்று தெரியாத இடத்தில் இன்னும் வழியை மறித்தால், மிஞ்சும் குடல் சத்தை உறிஞ்சப் போதாமல் போகலாம். ஸ்லீவ் மேல்வயிற்றிலேயே முடிந்துவிடும். அதனால் உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்லீவ்தான். நெஞ்செரிவும் இருந்தால் சிக்கல். அப்போது ஒப்பரேஷனை விட்டு எடை குறைக்கும் ஊசி மருந்தைப் பற்றிப் பேசலாம்.

ஆஸ்பத்திரித் துண்டு இல்லாவிட்டால் சி.ரி. ஸ்கேன் எடுக்க வேண்டும். பீஸ் இருக்கும் இடம், தழும்பில் ஹேர்னியா, முன்பு தைத்த இடம் எல்லாம் அதில் தெரியும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உள்ளே பீஸ் இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

முழங்காவில், 44 வயது ஆண்: மிதிவெடியில இடதுகால் முழங்காலுக்குக் கீழ இல்லை. 165 சென்ரிமீற்றர், 88 கிலோ. கணக்கில 32தான் வருது.

செயற்கைக்காலைக் கழற்றிவிட்டு நிறுத்த எடையா? அப்படியென்றால் அதை 0.941ஆல் வகுங்கள். முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி உடல் எடையில் ஏறத்தாழ 5.9 வீதம். 93.5 கிலோ வரும், பி.எம்.ஐ. 34.3. கிளினிக்கில் இதை யாரும் கணக்கில் எடுக்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். எடை குறையக் குறையக் காலின் அடிக்கட்டையும் மெலியும், சொக்கற் (அடிக்கட்டை நுழையும் செயற்கைக்காலின் கிண்ணம்) தளர்ந்து தோல் உரசிப் புண்ணாகும். சலரோகமும் இருந்தால் அந்தப் புண் லேசில் ஆறாது. முதல் வருடத்தில் சொக்கற்றை ஒருதரமாவது மாற்றவேண்டி வரும் என்று செயற்கைக்கால் செய்யும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதுவரை மேலதிகக் காலுறை போட்டுச் சமாளிக்கலாம்.

மல்லாவி: கொழும்பில செய்துபோட்டு வீட்ட வந்த பிறகு ஏதும் நடந்தால் என்ன செய்யிறது?

இதை ஒப்பரேஷனுக்கு முன்பே கேட்டது நல்லது. ஸ்ரேப்பிள் வரிசையில் கசிவு 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும். ஸ்லீவில் அது பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகே தலைகாட்டும். அதனால் பத்து, பதினான்கு நாள் செய்த ஆஸ்பத்திரிக்குக் கிட்டவே தங்குங்கள். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 120க்கு மேல், காய்ச்சல், இடது தோள்மூட்டு நோ, மூச்சு வாங்குதல்: இதில் எது வந்தாலும் வயிறு நோகாவிட்டாலும் கசிவு என்றே எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். ஏ9 வீதியில் பஸ்ஸில் வரும்போது இரண்டு மணித்தியாலத்துக்கொரு தடவை இறங்கி நடவுங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கினால் இரத்தக்கட்டி.

பைபாஸ் செய்தவருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. எடை குறைந்து உள்ளே கொழுப்புக் கரைந்ததும் குடல், அதை மாற்றித் தைத்ததால் உண்டான இடைவெளிக்குள் நுழைந்து முறுகும். இரண்டு, மூன்று வருடம் கழித்தும் வரலாம். சாப்பிட்டதும் விட்டு விட்டு வரும் வயிற்றுநோ, எக்ஸ்ரே சரியாகக் காட்டும், காஸ் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சி.ரி. ஸ்கேனும் சத்திரசிகிச்சை நிபுணரும் தேவை. தூர ஊர்க்காரருக்கு நான் ஸ்லீவ் பக்கம் சாய்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

மூன்றாவது விஷயம், நாட்கணக்கில் சத்தி. அப்படி வந்தால் உடம்பில் தயமின் (விற்றமின் பி1) தீர்ந்திருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் மூளையைத் தாக்கும்: கண் ஆடும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். மூக்குவழிக் குழாயையும் கண்ணை மூடிக்கொண்டு இறக்கக் கூடாது. இவற்றையும் செய்த ஒப்பரேஷனின் பெயர், திகதியையும் மும்மொழியிலும் ஒரு அட்டையில் எழுதி வாங்கிப் பொக்கற்றில் வைத்திருங்கள். இரவு வோட்டில் இருக்கும் இளம் டொக்டருக்கு அதுதான் உதவும்.

இரணைமடு: பிட்டு, கூழ் எல்லாம் விடவேண்டுமோ?

முதல் இரண்டு கிழமை நீராகாரம், அடுத்த இரண்டு மசித்தது, பிறகு மென்மையானது. பிட்டும் பாணும் ஸ்லீவ் குழாயில் அடைத்துக்கொள்ளும், கடைசியாகத் தொடுங்கள். ஒடியல் கூழை மரவள்ளியும் பலாக்கொட்டையும் போடாமல், உறைப்புக் குறைத்து, மீனை மசித்து வைத்தால் ஐந்தாம் கிழமையில் குடிக்கலாம். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் குளத்து மீன் 20 கிராம் வரை. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது காசைக் குளத்தில் போடுவது. கல்சியத்துக்கும் இரும்புக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். பைபாஸ் என்றால் விற்றமின் பி12 மாதமொரு ஊசி, அல்லது தினமும் குளிசை.

ஒட்டுசுட்டான்: ஊசி போட்டால் கத்தி தேவையில்லையாமே?

செமாகுளுரைட் என்ற ஊசியைக் கிழமைக்கு 2.4 மில்லிகிராம் போட்டால் எடை 15 வீதமளவு குறைகிறது. நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறுகிறது. ஆகவே மாதாமாதம் வாங்கக் காசும், பிரிக்காத ஊசியை 2 முதல் 8 பாகையில் வைக்கக் கரண்ட் நிற்காத குளிர்சாதனப் பெட்டியும் வேண்டும். பி.எம்.ஐ. 32, 33 என்றால் முதலில் இதைப் பார்க்கலாம். 45 என்றால் இது போதாது.

துணுக்காய்: கள்ளு?

ஸ்லீவிலும் பைபாஸிலும் வெறி சட்டென்று ஏறும், அரைப் போத்தலுக்கே. முதல் ஆறு மாதம் அறவே வேண்டாம். அதைவிட நான் பயப்படுவது டைக்குளோபினக்குக்குத்தான். வயல் வேலை முடிந்து முதுகு நோகக் கடையில் வாங்கிப் போடும் அந்தக் குளிசை, பைபாஸ் தையலில் புண்ணாக்கி ஓட்டை போடும். சிகரெட்டும் அப்படியே. நோவுக்குப் பரசிற்றமோல்.